மின்வாகனங்களும் சாலைக் கட்டணமும்: தொலைவுக் கணக்கும் தனியுரிமையும் – செங்காங்கை முன்வைத்து ஒரு நோக்கு

முன்னுரை

சாலையைப் பயன்படுத்துவோர் அதற்குரிய விலையைச் செலுத்துதல் வேண்டும் என்னும் கொள்கையை நகரம் தழுவிய நடைமுறையாக்கிய நாடுகளுள் சிங்கப்பூர் முதன்மையானது. 1975ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் நாள் தொடங்கிய வட்டார உரிமத் திட்டம் இக்கொள்கையின் முதற்படியாகும். 1998ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த மின்னியல் சாலைக் கட்டணம், அதாவது இஆர்பி, இரண்டாம் படி. 2023ஆம் ஆண்டு நவம்பர் மாதம் முதல் வாகனங்களில் பொருத்தப்பட்டு வரும் துணைக்கோள்வழிக் கருவிகள் மூன்றாம் படியாக அமைகின்றன. இம்மூன்றாம் படியில் நாடு கால்வைத்துள்ள அதே வேளையில், பெட்ரோலை நம்பியிருந்த கார்கள் மின்சாரத்திற்கு மாறி வருகின்றன. பெட்ரோல் குறையுமாயின் பெட்ரோல் தீர்வையும் குறையும். அவ்விழப்பை எதைக்கொண்டு ஈடுசெய்வது என்னும் வினாவும், வாகனம் சென்ற இடத்தை அறியவல்ல கருவியும் ஒரே காலத்தில் வந்து சேர்ந்துள்ளன.

இவ்விரண்டும் இணைந்தால் விளைவது என்ன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். மின்வாகன ஓட்டுநரிடம் ஓடிய தொலைவிற்கேற்ப வரி பெறுவது நியாயமானதே என்பதும், அதன் பொருட்டு அவர் சென்ற வழியை அரசு அறிந்திருக்க வேண்டிய தேவை இல்லை என்பதும் நாம் இங்கு நிறுவ முற்படும் கருத்துகள். செங்காங் வட்டாரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவற்றை விளக்குவோம்.

1. பழந்தமிழ் மரபில் வழிச்சுங்கம்

வழியில் நின்று வரி பெறும் வழக்கம் தமிழர்க்குப் புதியதன்று. உல்கு என்றும் சுங்கம் என்றும் அது வழங்கப்பட்டது. மிளகுப் பொதி சுமந்த கழுதைகளோடு வணிகர் சென்ற, சுங்கம் விதிக்கப்பட்ட பெருவழியையும் அதனைக் காத்து நின்ற வில்வீரரையும் பெரும்பாணாற்றுப்படை காட்டுகின்றது. காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் பண்டங்களுக்கு உல்கு பெற்றுப் புலி இலச்சினை பொறித்ததைப் பட்டினப்பாலை விவரிக்கின்றது. முதலாம் குலோத்துங்கனுக்குச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்னும் பெயர் வழங்கியதும் நாம் அறிந்ததே.

இச்செய்திகளில் நம் ஆய்வுக்கு வேண்டிய குறிப்பு ஒன்று உண்டு. அக்காலச் சுங்கம் பண்டத்தின்மீதும் இடத்தின்மீதும் விதிக்கப்பட்டது. சுங்கச்சாவடியைக் கடந்தவன் வரி செலுத்தினான். அதன்பின் அவன் எவ்வூருக்குச் சென்றான், எவர் வீட்டில் தங்கினான் என்பது சுங்கக் கணக்கில் இடம்பெற வேண்டியதில்லை. வரி பெறுதலும் வழியறிதலும் இயல்பாகவே பிரிந்து நின்றன. அவற்றைப் பிரித்து வைத்தது சட்டமன்று. கருவியின் இயலாமையே ஆகும். இன்றைய கருவிக்கு அந்த இயலாமை இல்லை. ஆகவே, முன்னர்த் தானாக அமைந்திருந்த எல்லையை இப்பொழுது நாமே வகுத்துக்கொள்ள வேண்டியவர்களாகின்றோம்.

2. சிங்கப்பூரில் சாலைக் கட்டணத்தின் வளர்ச்சி

வட்டார உரிமத் திட்டத்தின்கீழ், நகர மையத்திற்குள் காலை நெரிசல் வேளையில் நுழைய விரும்பிய கார் ஓட்டுநர் நாளொன்றுக்கு 3 வெள்ளி கொடுத்து உரிமத் தாள் வாங்கி வாகனக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டார். நுழைவிடங்களில் நின்ற அதிகாரிகள் அத்தாளைக் கண்ணால் கண்டு சரிபார்த்தனர். தாள் இருந்த வாகனங்களைப் பற்றிய பதிவு எதுவும் தேவைப்படவில்லை.

1998ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் கிழக்குக் கடற்கரை விரைவுச்சாலையில் தொடங்கிய இஆர்பி முறை, செப்டம்பர் மாதத்தில் நகர மையத்திற்கும் விரிந்தது. சாலையின் குறுக்கே அமைந்த கட்டண வளைவைக் கடக்கையில், வாகனத்திலுள்ள சிறு கருவியில் செருகப்பட்ட ரொக்க அட்டையிலிருந்து உரிய தொகை அவ்விடத்திலேயே கழிந்தது. மாத இறுதியில் பட்டியல் அனுப்பிப் பணம் பெறும் முறையை வடிவமைப்பாளர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. இத்தேர்வில் தனியுரிமை பற்றிய எண்ணமும் பங்கு கொண்டிருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

இதன் பின்னணியில் ஹாங்காங்கின் பட்டறிவு உள்ளது. 1983 முதல் 1985 வரை அங்கு ஏறத்தாழ 2,500 வாகனங்களைக் கொண்டு மின்னியல் சாலைக் கட்டணச் சோதனை நடைபெற்றது. வாகனத்தின் அடியில் பொருத்தப்பட்ட மின்னியல் எண்தகட்டைச் சாலையில் பதிக்கப்பட்ட கம்பிச்சுருள்கள் படித்தறிந்தன. தொழில்நுட்ப வகையில் அச்சோதனை வெற்றி பெற்றது. ஆயினும் எந்த வாகனம் எந்த நேரத்தில் எவ்விடத்தைக் கடந்தது என்னும் விவரம் அரசின் கணினியில் சேர்வதை மக்கள் விரும்பவில்லை. 1984ஆம் ஆண்டின் சீன-பிரிட்டிஷ் கூட்டறிக்கைக்குப் பின்னர் எதிர்கால ஆட்சி குறித்த ஐயம் நிலவிய காலம் அது. வேறு காரணங்களும் சேர்ந்துகொள்ள, திட்டம் கைவிடப்பட்டது. கருவி பழுதின்றி இயங்கினாலும் நம்பிக்கை இல்லையேல் திட்டம் நிலைபெறாது என்பதற்கு இது முதற்சான்று எனலாம்.

மூன்றாம் படியான துணைக்கோள்வழி முறைக்குரிய ஒப்பந்தம் 2016ஆம் ஆண்டு என்சிஎஸ் நிறுவனத்திற்கும் மிட்சுபிஷி கனரகத் தொழில் குழுமத்தைச் சேர்ந்த நிறுவனத்திற்கும் 556 மில்லியன் வெள்ளி மதிப்பில் வழங்கப்பட்டது. இதன்படி வாகனத்தில் பொருத்தப்படும் ஓபியு கருவி, துணைக்கோள் குறிப்பலைகளைக்கொண்டு வாகனத்தின் இருப்பிடத்தைத் தானே கணிக்கின்றது. கட்டண வளைவு இல்லாமலேயே எந்தச் சாலைக்கும் கட்டணம் விதிக்க இயலும். ஓடிய தொலைவிற்கேற்பக் கட்டணம் விதிக்கவும் இயலும். எனினும், தொடக்கத்தில் பழைய முறைப்படி இடத்தின் அடிப்படையிலேயே கட்டணம் தொடரும் என நிலப் போக்குவரத்து ஆணையம் அறிவித்தது. கட்டுரை எழுதப்படும் வரை தொலைவுக் கட்டணம் அறிமுகம் செய்யப்படவில்லை.

3. பெட்ரோல் தீர்வையும் 700 வெள்ளியும்

சிங்கப்பூரின் அறிவிப்பின்படி, புதிய டீசல் கார்களைப் பதிவு செய்வது 2025ஆம் ஆண்டு ஜனவரி முதல் நிறுத்தப்பட்டது. 2030 முதல் புதிதாகப் பதிவாகும் கார்கள் அனைத்தும் தூய்மையான எரிசக்தி வகையினவாக இருத்தல் வேண்டும். 2040க்குள் எல்லா வாகனங்களும் அவ்வாறு மாறுதல் வேண்டும் என்பது இலக்கு. மாற்றம் எதிர்பார்த்ததைவிட விரைவாகவே நிகழ்கின்றது. 2024ஆம் ஆண்டில் புதிதாகப் பதிவான கார்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மின்சாரக் கார்கள்.

பெட்ரோல் காரின் ஓட்டுநர் ஒவ்வொரு முறை எண்ணெய் நிரப்பும்பொழுதும் தீர்வை செலுத்துகின்றார். 2021ஆம் ஆண்டு பிப்ரவரியில் அத்தீர்வை உயர்த்தப்பட்டபோது, 95 ரக பெட்ரோலுக்கு லிட்டருக்கு 66 காசும் அதற்கு மேற்பட்ட உயர்ரகத்திற்கு 79 காசும் என வரையறுக்கப்பட்டது. மின்சாரக் காருக்கு இத்தீர்வை இல்லை. அதனை ஓரளவு ஈடுசெய்யும் பொருட்டு, சாலை வரியுடன் கூடுதல் நிலைத்தொகை ஒன்று சேர்க்கப்பட்டது. 2021இல் 200 வெள்ளி, 2022இல் 400 வெள்ளி எனப் படிப்படியாக உயர்ந்த அத்தொகை 2023 முதல் ஆண்டுக்கு 700 வெள்ளி ஆயிற்று.

இத்தொகையின் தன்மையை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். ஒரு லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் பெட்ரோல் கார்கள் இரண்டினை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 6,000 கிலோமீட்டர் மட்டுமே ஓட்டுபவருக்கு 400 லிட்டர் பெட்ரோல் தேவை. லிட்டருக்கு 66 காசு வீதம் அவர் செலுத்தும் தீர்வை 264 வெள்ளி. ஆண்டுக்கு 24,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு 1,600 லிட்டர் தேவை. அவர் செலுத்தும் தீர்வை 1,056 வெள்ளி. இவ்விருவரும் மின்சாரக் காருக்கு மாறினால் இருவரும் ஒன்றுபோல 700 வெள்ளி செலுத்துவர். குறைவாக ஓட்டுபவர் முன்னைவிட 436 வெள்ளி கூடுதலாகச் செலுத்த, மிகுதியாக ஓட்டுபவர் 356 வெள்ளி மிச்சப்படுத்துகின்றார். சாலையைக் குறைவாகப் பயன்படுத்துவோரை ஊக்குவிக்க விரும்பும் நாட்டில் இவ்விளைவு கொள்கைக்கு முரணானது.

ஆதலின், மின்வாகனத்திற்குத் தொலைவின் அடிப்படையில் வரி விதிப்பதை எதிர்ப்பதற்கு நியாயம் குறைவு. பெட்ரோல் தீர்வையும் ஒருவகைத் தொலைவுக் கட்டணமே அன்றோ? ஆனால் அது பெயரற்ற கட்டணம். எண்ணெய் நிலையத்தில் தீர்வை செலுத்துபவரின் பெயரோ அவர் செல்லும் இடமோ வரி பெறும் அலுவலகத்திற்குத் தெரிவதில்லை. இப்பண்பு தொடருமா என்பதே நம்முன் உள்ள வினா.

4. செங்காங்கிலிருந்து ஒரு பார்வை

காங்கார் மீன்பிடிக் கிராமமும் பண்ணைகளும் இருந்த நிலப்பகுதியில் எழுந்த புதுநகர் செங்காங். 2003ஆம் ஆண்டில் எல்ஆர்டி சேவையும் வடகிழக்கு ரயில் பாதையும் அங்கு வந்தன. 2008ஆம் ஆண்டில் முழுமையாகத் திறக்கப்பட்ட காலாங் - பாய லேபார் விரைவுச்சாலை, தீவின் வடகிழக்கிலுள்ள இவ்வட்டாரத்தைத் தெற்கே நகரத்தோடு இணைத்தது. 12 கிலோமீட்டர் நீளமுள்ள அச்சாலையில் 9 கிலோமீட்டர் நிலத்தடிச் சுரங்கமாகும். நகர் நோக்கிச் செல்லும் திசையில், டெஃபு மேம்பாலத்தை அடுத்துக் காலை வேளைக்கான இஆர்பி வளைவு இருந்து வந்துள்ளது. செங்காங் ஓட்டுநருக்குச் சாலைக் கட்டணம் நாள்தோறும் அறிந்த செய்தி.

இவ்வட்டாரத்தைத் தொலைவுக் கட்டணத்தின் நோக்கிலிருந்து காண்போம். நகர மையத்திற்கு அருகில் வசிப்போர் குறைவாகவும் புறநகரில் வசிப்போர் மிகுதியாகவும் செலுத்த நேரிடும். செங்காங்கில் குடியிருந்து தீவின் மறுகோடியிலுள்ள துவாஸ் தொழிற்பேட்டையில் பணிபுரியும் ஒருவர், ரயில் ஓடாத நேரத்தில் வேலை தொடங்குமாயின், காரையோ மோட்டார் சைக்கிளையோ நம்பியே இருக்கின்றார். வாடகைக் கார் ஓட்டுவோருக்கும் பொருள் விநியோகம் செய்வோருக்கும் தொலைவே பிழைப்பு. இவர்களுக்குரிய சலுகைகளை வகுப்பது வரிக்கொள்கையின் வேலை. அது செய்யக்கூடிய ஒன்றே.

தனியுரிமையின் நோக்கிலிருந்து கண்டால் வேறொரு படம் தெரிகின்றது. கற்பனையாக ஒரு குடும்பத்தைக் கொள்வோம். அக்குடும்பத்தின் கார் வெள்ளிக்கிழமை மாலையில் ரிவர்வேல் கிரசெண்டிலுள்ள அருள்மிகு வேல்முருகன் ஞானமுனீஸ்வரர் ஆலயத்தின் அருகே நிற்கின்றது. ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் மூன்று மணி நேரம் நிற்கின்றது. செவ்வாய்க்கிழமைதோறும் ஒரு மருத்துவமனையின் வளாகத்தில் நிற்கின்றது. தேர்தல் காலத்தில் ஒரு கட்சியின் கூட்டம் நடைபெறும் திடலின் அருகே நிற்கின்றது. இவற்றுள் எதுவும் குற்றமன்று. எதுவும் மறைக்கத்தக்கதும் அன்று. ஆயினும் இவை யாவும் ஒரே பதிவில் சேருமாயின், அக்குடும்பத்தின் சமயமும் உடல்நலமும் அரசியற் சார்பும் அவர்கள் வாய்திறந்து சொல்லாமலேயே புலப்பட்டுவிடும்.

பெயரை நீக்கிவிட்டால் போதாதா என்று கேட்கலாம். 2013ஆம் ஆண்டு 'சயன்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' இதழில் வெளியான ஆய்வொன்றில் டி மோன்ஜோய் முதலியோர், பதினைந்து லட்சம் பேரின் கைத்தொலைபேசி இருப்பிடத் தரவுகளை ஆராய்ந்தனர். இடமும் நேரமும் கூடிய நான்கு புள்ளிகள் தெரிந்தாலே 95 விழுக்காட்டினரின் தடத்தைத் தனித்துப் பிரித்தறிய இயலும் என்பது அவர்கள் கண்ட முடிவு. இரவில் நிற்குமிடம் வீட்டையும் பகலில் நிற்குமிடம் பணியிடத்தையும் காட்டிவிடுமாதலால், தனித்தனித் தடங்களாக வைக்கப்படும் தரவில் பெயரை நீக்குவது மெல்லிய திரையே. பலரின் தரவுகளைத் தொகுத்து எண்ணிக்கையாக மட்டும் வைத்துக்கொள்ளும்பொழுதே அத்திரை சற்றுக் கனக்கின்றது.

5. சொல்லும் பொருளும்

இவ்விடத்தில் தமிழாசிரியர்கள் கருதத்தக்க ஒரு சொற்சிக்கலும் உண்டு. 'பிரைவசி' என்னும் கருத்தை நாம் நெடுங்காலமாக 'அந்தரங்கம்' என்னும் சொல்லால் குறித்து வந்துள்ளோம். அச்சொல் உள்ளே இருப்பது, பிறர் அறியாதது, மறைவானது என்னும் பொருட்சாயல்களைக் கொண்டது. அதனால் 'மறைப்பதற்கு ஒன்றும் இல்லாதவருக்கு அந்தரங்கம் எதற்கு?' என்னும் வாதம் தமிழில் எளிதில் பிறந்துவிடுகின்றது. அண்மைக் காலத்தில் பரவியுள்ள 'தனியுரிமை' என்னும் சொல் வணிக வழக்கில் ஒருவருக்கே உரிய விற்பனை உரிமையையும் குறிப்பதால் மயக்கம் தரக்கூடியது. எனினும் 'உரிமை' என்னும் கூறு அதில் வெளிப்படையாக இருப்பது அதன் சிறப்பு. தன்னைப் பற்றிய செய்தியை யார், எதற்காக, எவ்வளவு காலம் வைத்திருக்கலாம் என்பதில் தனக்கும் ஒரு சொல் உண்டு என்பதே அவ்வுரிமை. இப்பொருளிலேயே இக்கட்டுரை அச்சொல்லை ஆளுகின்றது.

6. வாக்குறுதியும் சட்டமும்

ஓபியு கருவியின் தரவுகளைப் பற்றி நிலப் போக்குவரத்து ஆணையம் கூறியுள்ள விளக்கம் கவனத்திற்குரியது. போக்குவரத்து மேலாண்மைக்கும் திட்டமிடலுக்கும் பெயர் நீக்கித் தொகுக்கப்பட்ட தரவுகளே பயன்படும் என்றும், தரவுகளுக்கு உரிய பாதுகாப்பு உண்டு என்றும் ஆணையம் தெரிவித்துள்ளது. இவ்விளக்கத்தை ஐயுறுவதற்கு நம்மிடம் காரணம் இல்லை. நாம் எழுப்பும் வினா வேறு: இவ்விளக்கத்தை எச்சட்டம் கட்டிக்காக்கின்றது?

2012ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் தனியார் அமைப்புகளைக் கட்டுப்படுத்துவது. அரசாங்க அமைப்புகள் அதன் எல்லைக்குள் வருவதில்லை. அவற்றை 2018ஆம் ஆண்டின் பொதுத்துறை ஆளுகைச் சட்டமும் அகவிதிமுறைகளும் நெறிப்படுத்துகின்றன. குற்றவியல் நடைமுறைச் சட்டமோ, விசாரணைக்குத் தேவையான தகவலைக் கேட்டுப் பெறக் காவல்துறைக்குப் பரந்த அதிகாரம் அளிக்கின்றது.

இப்பரந்த அதிகாரத்தின் விளைவை நாடு ஒருமுறை நேரில் கண்டது. கொவிட் தொற்றுக்காலத்தில், 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் 'டிரேஸ்டுகெதர்' செயலி அறிமுகமானது. அதில் சேரும் விவரங்கள் தொற்றுத் தொடர்பைக் கண்டறிவதற்கு மட்டுமே பயன்படும் என்று மக்களுக்குச் சொல்லப்பட்டது. 2021ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்கீழ் காவல்துறை அவ்விவரங்களைப் பெற இயலும் என உள்துறைத் துணை அமைச்சர் டெஸ்மண்ட் டான் நாடாளுமன்றத்தில் தெரிவித்தார். முன்னர்த் தாம் உறுதி கூறியபொழுது அச்சட்டத்தை எண்ணிப் பார்க்கவில்லை என அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன் மறுநாள் அவையில் ஒப்புக்கொண்டார். தொடர்ந்து எழுந்த மனக்குறையின் விளைவாக, பிப்ரவரி மாதத்திலேயே சட்டம் இயற்றப்பட்டது. கொலை, பயங்கரவாதம் முதலிய ஏழு வகைக் கடுங்குற்றங்களின் விசாரணைக்கு மட்டுமே அத்தரவைக் கேட்கலாம் என அச்சட்டம் வரையறுத்தது.

இந்நிகழ்விலிருந்து பெறத்தக்க பாடம் அரசின் நோக்கத்தைப் பற்றியதன்று. நோக்கம் நல்லதாக இருந்தும், சொன்ன சொல்லுக்கும் இருந்த சட்டத்திற்கும் இடையே பிளவு இருந்தது. பின்னர்ச் சட்டம் அப்பிளவை அடைத்தது. ஆனால் அதற்குள் நம்பிக்கைக்கு ஒரு விலை கொடுக்க நேர்ந்தது. சாலைக் கட்டணத் தரவில் இதே வரிசை மீண்டும் நிகழ வேண்டியதில்லை.

கைத்தொலைபேசியே நம் இருப்பிடத்தைச் சொல்லிவிடுகின்றதே, ஓபியு கருவியால் என்ன புதிதாக வந்துவிடப் போகின்றது என்று கேட்போரும் உளர். தொலைபேசியை ஒருவர் வீட்டில் வைத்துச் செல்லலாம்; அதன் இருப்பிட வசதியை அணைத்து வைக்கலாம். சட்டப்படி பொருத்தப்படும் கருவியை அவ்வாறு செய்ய இயலாது. கட்டாயம் மிகுமிடத்தில் காப்பும் மிகுதல் வேண்டும் என்பதே நம் விடை.

7. பிறநாட்டு வழிகள்

தொலைவிற்கு வரி பெற விழைந்த நாடுகள் யாவும் துணைக்கோளை நாடவில்லை என்பது கருதத்தக்கது. நியூசிலாந்தில் 2024ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் மின்சாரக் கார்கள் 1,000 கிலோமீட்டருக்கு 76 நியூசிலாந்து டாலர் வீதம் சாலைப் பயன்பாட்டுக் கட்டணம் செலுத்துகின்றன. ஓட்டுநர் குறிப்பிட்ட தொலைவிற்கு உரிமம் வாங்குகின்றார். காரின் ஓட்டமானியே கணக்கு. பிரிட்டன் 2025ஆம் ஆண்டு நவம்பர் மாத வரவுசெலவுத் திட்டத்தில், மின்சாரக் கார்களுக்கு மைலுக்கு 3 பென்ஸ் வீதம் 2028ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் வரி விதிக்கப்படும் என அறிவித்தது. அங்கும் வழித்தடக் கருவி வேண்டியதில்லை. ஓட்டமானி அளவே போதும் எனப்பட்டது.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2015ஆம் ஆண்டு தொடங்கிய திட்டத்தில் இருப்பிடம் அறியும் கருவி, அறியாத கருவி என இருவகைகளை முன்வைத்து ஓட்டுநரையே தேர்ந்தெடுக்கச் செய்தது. கட்டணம் தீர்ந்து 30 நாள்களுக்குள் இருப்பிடப் பதிவுகளை அழித்தல் வேண்டும் என்பது அங்குச் சட்டம். ஜெர்மனியோ துணைக்கோளைப் பயன்படுத்துகின்றது. 2005ஆம் ஆண்டு முதல் கனரக வாகனங்களுக்குத் தொலைவுக் கட்டணம் பெறும் அந்நாட்டில், அத்தரவுகளை வேறெந்தச் சட்டத்தின் பேரிலும் கேட்கவோ பறிமுதல் செய்யவோ கூடாது எனக் கட்டணச் சட்டமே தடை செய்துள்ளது.

ஓட்டமானி முறையைச் சிங்கப்பூருக்கு அப்படியே கொண்டுவருவதில் இடர்கள் உண்டு. வார இறுதியில் ஜொகூர் சென்று வரும் கார் மலேசியச் சாலையில் ஓடிய கிலோமீட்டர்களையும் ஓட்டமானி சேர்த்தே எண்ணும். எங்கு, எப்பொழுது ஓடியது என்பதை அது சொல்லாதாகையால் நெரிசலைக் குறைக்கவும் அது உதவாது. மூன்று ஆண்டுகளுக்கு உட்பட்ட புதிய கார்களுக்கு இங்குக் கட்டாயச் சோதனை இல்லை என்பதால் அளவைச் சரிபார்க்க வேறு ஏற்பாடு வேண்டும். இவை தீர்க்கத்தக்க இடர்களே. குடிநுழைவுச் சாவடியில் எல்லை கடக்கும்பொழுது ஓட்டமானி அளவைத் தெரிவிக்க விரும்புவோர் தெரிவித்துக் கழிவு பெறலாம். விரும்பாதோர் முழுத்தொலைவிற்கும் செலுத்தலாம்.

8. நோக்கங்களைப் பிரித்தல்

மேற்கண்டவற்றைத் தொகுத்து நோக்கினால், சாலைக் கட்டணம் என்னும் ஒரே பெயரின்கீழ் மூன்று நோக்கங்கள் கலந்திருப்பது தெளிவாகும்.

முதலாவது, வருவாய். பெட்ரோல் தீர்வை இழப்பை ஈடுசெய்ய ஆண்டிற்கு ஒரே ஓர் எண் போதும்: கார் ஓடிய மொத்தத் தொலைவு. இடமும் நேரமும் இதற்கு வேண்டா.

இரண்டாவது, நெரிசல் குறைப்பு. இதற்கு இடமும் நேரமும் இன்றியமையாதவை. ஆனால் கட்டணம் விதிக்கப்பட்ட சாலையில், கட்டணம் விதிக்கப்பட்ட நேரத்தில் மட்டுமே அவை வேண்டும். காலாங் - பாய லேபார் விரைவுச்சாலையைக் காலை எட்டு மணிக்குக் கடந்த செய்தி போதும்; அக்கார் புறப்பட்ட அடுக்குமாடியும் சென்றடைந்த வாகன நிறுத்துமிடமும் தேவையில்லை. மேலும், இக்கணக்கை வாகனத்திலுள்ள கருவியே போட்டுக்கொண்டு தொகையை மட்டும் வெளியே அனுப்புமாறு வடிவமைக்கலாம். 1998ஆம் ஆண்டின் ரொக்க அட்டை முறை இதற்கு நம் நாட்டிலேயே உள்ள முன்னோடி.

மூன்றாவது, திட்டமிடல். எந்தச் சாலையில் எத்தனை வாகனங்கள் என்னும் எண்ணிக்கை இதற்குப் போதுமானது. தனித்தனித் தடங்கள் இதற்கும் வேண்டுவதில்லை.

ஆக, ஒரு வாகனத்தின் முழு வழித்தடம் இம்மூன்றனுள் எதற்கும் தேவைப்படவில்லை. தேவைப்படாத ஒன்றைச் சேர்த்து வைத்தால், பிற்காலத்தில் அதற்கு ஒரு தேவை கண்டுபிடிக்கப்படும் என்பது டிரேஸ்டுகெதர் காட்டிய உண்மை.

கொலையும் கடத்தலும் நிகழும்பொழுது இத்தரவு உயிரைக் காக்குமே என்னும் வாதம் வலுவானது. அதனைப் புறந்தள்ள இயலாது. ஜெர்மனியைப் போல முற்றாகத் தடை செய்வது ஒரு வழி. 2021ஆம் ஆண்டின் சட்டத்தைப் போல வகைகளைப் பெயரிட்டு வரையறுப்பது மற்றொரு வழி. நம் சூழலுக்குப் பின்னது பொருந்தும் என்பது நம் கருத்து. எந்தக் குற்றங்களுக்கு, யாருடைய ஒப்புதலோடு, எத்தனை நாள் பழைய தரவு வரை கேட்கலாம் என்பவற்றை நாடாளுமன்றம் வெளிப்படையாக விவாதித்து முடிவு செய்தல் வேண்டும். தரவை அழிக்க வேண்டிய கால எல்லையும், தம்மைப் பற்றிய பதிவை ஓட்டுநர் பார்த்தறியும் உரிமையும், சார்பற்ற தணிக்கையும் அச்சட்டத்தில் இடம்பெறுதல் வேண்டும்.

முடிவுரை

வாகன உரிமையைவிட வாகனப் பயன்பாட்டிற்கு மிகுதியாக விலை வைக்கும் திசையில் சிங்கப்பூர் நகர்ந்து வருகின்றது. 2025ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் சில ஆண்டுகளில் ஏறத்தாழ 20,000 வரையிலான வாகன உரிமைச் சான்றிதழ்களைக் கூடுதலாக வழங்கும் முடிவை அறிவித்தபொழுது, புதிய இஆர்பி முறையால் நெரிசலைச் சமாளிக்க இயலும் என்பதும் காரணமாகக் கூறப்பட்டது. கார்கள் பெருகி, பெட்ரோல் தீர்வை குறையும் காலத்தில் தொலைவுக் கட்டணம் பற்றிய பேச்சு மீண்டும் எழுவது இயல்பே.

அவ்வாறு எழும்பொழுது, 'கட்டணம் வேண்டுமா, தனியுரிமை வேண்டுமா?' என்னும் வடிவில் வினாவை அமைப்பது பொருந்தாது. ஆண்டுக்கு 6,000 கிலோமீட்டர் ஓட்டும் செங்காங்வாசிக்கு 700 வெள்ளி நிலைத்தொகையைவிடத் தொலைவுக் கட்டணமே நியாயமானது. அந்நியாயத்தைப் பெறுவதற்கு அவர் தம் வழித்தடத்தைக் கொடுக்க வேண்டியதில்லை என்பதை மேலே கண்டோம். எஞ்சியிருப்பது வரிசைமுறை பற்றிய செய்தி மட்டுமே. 2021இல் தரவு முதலில் சேர்ந்தது, வரையறை பின்னர் வந்தது. ஓபியு கருவிகள் பொருத்தப்பட்டுவிட்ட, ஆனால் தொலைவுக் கட்டணம் இன்னும் தொடங்காத இவ்விடைக்காலம், வரையறையை முதலில் எழுதிக்கொள்வதற்கு ஏற்றது. கட்டணம் தொடங்கிய பின்னர் இவ்வாய்ப்பு இவ்வளவு எளிதாக இராது.